சூழலுக்கு உகந்த பொம்மைகளும் பிள்ளைகளின் பயணச் சாமான்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடமாக எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை இரவல் கொடுத்து வருகிறேன். எந்தப் பொம்மை யார் வீட்டுக்குப் போனது, எந்த நிலையில் திரும்பி வந்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பேன். பொம்மை எடுக்க வருகிற அப்பா அம்மாக்கள் வாசலில் செருப்பைப் போட்டபடியே கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவிட்டேன். முதலில் பொம்மை, அப்புறம் பயணம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

சூழலுக்கு உகந்த பொம்மைன்னா என்ன? மரத்துல செஞ்சதுன்னு அர்த்தமா?

எதில் செய்தது என்பது பாதிக் கதைகூட இல்லை. எத்தனை வருடம் தாங்கும், எத்தனை பிள்ளைகள் கை மாறும், உடைந்தால் ஒட்ட முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை கடைப் பைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை நல்லது என்று சொல்ல வேண்டுமானால், பருவநிலைக் கணக்கில் மட்டுமே அதை ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தியாக வேண்டும் என்று தெரியவந்தது. பொம்மைக்கும் இதே கணக்குதான். இரண்டு நாள் விளையாடிவிட்டு மூலையில் போட்ட மரப் பொம்மைக்காக ஒரு மரம் வீணாகத்தான் வெட்டப்பட்டது.

அதனால் நான் பிளாஸ்டிக்குக்கு எதிரி இல்லை. லெகோ கட்டையின் இன்றைய வடிவம் 1958-ல் வந்தது. அன்றைக்குச் செய்த கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் பொருந்தும். தாத்தாவின் டப்பா பேத்தி கைக்கு வரும் என்றால் அது எந்தப் பொருளில் செய்ததாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே. கெடுதல் என்றால் இலவச இணைப்பாக வந்து, சாயங்காலத்துக்குள் சக்கரம் கழன்று குப்பைக்குப் போகிற வண்டிதான்.

அப்போ மரப் பொம்மைன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்தானே?

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள், அதுவும் ஓரத்தைப் பார்த்து. முழு மரமாக இருந்தால் மேற்பரப்பில் ஓடும் ரேகை ஓரத்திலும் தொடரும். ஓரம் அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். ரேகையே இல்லாமல் மாவு பிசைந்து அழுத்தியதுபோல் இருந்தால் மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய எம்டிஎஃப் பலகை. பிந்தைய இரண்டிலும் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணையும் மூச்சையும் உறுத்தும் வாயுவை வெளியேற்றும் பசை இருக்கலாம். வெளியேறும் அளவு குறைவு என்று சான்று பெற்ற பலகைகளும் உண்டு, ஆனால் பெட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டால் நான் எடுக்க மாட்டேன். எம்டிஎஃப்புக்கு இன்னொரு வியாதி: எச்சிலோ தண்ணீரோ பட்டால் உப்பும், உப்பியது திரும்ப அமுங்காது.

ரப்பர் மரத்தில் செய்த பொம்மைகள் எனக்குப் பிடிக்கும். பால் வடிப்பதற்காக வளர்த்த மரம் இருபத்தைந்து முப்பது வருடத்தில் பால் குறைந்ததும் எப்படியும் வெட்டப்படும். அந்தக் கட்டையில் பொம்மை செய்தால் பொம்மைக்கென்று தனியாக ஒரு மரம் சாகவில்லை.

பெயின்ட் பாதுகாப்பானதான்னு வீட்லயே பார்க்க முடியுமா?

பாதி முடியும். வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொம்மையின் நிறமுள்ள பகுதியில் முப்பது தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் குழந்தையின் வாயிலும் ஏறும். பரிசோதனைக் கூடங்களில் செயற்கை எச்சிலும் செயற்கை வியர்வையும் வைத்துச் செய்கிற சோதனைக்கு இது ஏழை வீட்டுத் தங்கை.

மீதிப் பாதி முடியாது. ஈயம் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, துணியில் ஒட்டாமலும் இருக்கலாம். அமெரிக்கச் சட்டம் பொம்மைப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது. அவ்வளவு சிறிய அளவைக் கருவியால்தான் அளக்க முடியும். எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயதில் சந்தேகம் வந்தால் பெயின்ட் இல்லாத பொம்மையை எடுத்துவிடுங்கள். சும்மா இழைத்து, தேன்மெழுகு தேய்த்த கட்டை போதும். நிறம் வேண்டும் என்று அடம் பிடிப்பது பெரும்பாலும் நாம்தான்.

பெட்டியில ஏகப்பட்ட முத்திரை இருக்கே, எது எதைச் சொல்லுது?

இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இஎன் 71 (ஐரோப்பா), ஏஎஸ்டிஎம் எஃப்963 (அமெரிக்கா), ஐஎஸ் 9873 (இந்தியா), ஐஎஸ்ஓ 8124 (உலக அளவு) ஆகியவை பாதுகாப்புத் தரங்கள். கழலும் துண்டு, கூர்முனை, தீப்பிடிக்கும் தன்மை, நச்சு உலோகம் எல்லாம் இவற்றின் வேலை. பொம்மை சூழலுக்கு நல்லதா என்று இவை சொல்வதில்லை. இன்னொரு பக்கம், எஃப்எஸ்சி என்றால் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம். ஜிஓடிஎஸ் என்றால் துணியில் குறைந்தது 70 சதவீதம் இயற்கை விவசாய நூல். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்றால் துணியில் தீங்கான வேதிப்பொருட்களுக்குச் சோதனை நடந்தது. அது இயற்கை விவசாயப் பருத்தி என்று அர்த்தம் இல்லை. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சிஇ என்ற எழுத்துகள் பெரும்பாலும் தயாரிப்பாளரே தன் பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று போட்டுக்கொள்வது. ‘ஈகோ’, ‘நேச்சுரல்’, ‘கிரீன்’ என்று பச்சை இலைப் படத்தோடு வெறுமனே எழுதியிருந்தால் அதன் பின்னால் எந்தச் சோதனையும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இலை வரைய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மூங்கில் சாமான், சோளத்துல செஞ்ச பிளாஸ்டிக், இதெல்லாம் மண்ணுல போட்டா மட்கிடும்தானே?

வெட்டி இழைத்த மூங்கில் மட்கும். ஆனால் பளபளவென்று, வார்ப்பில் ஊற்றினதுபோல் இருக்கும் ‘மூங்கில்’ தட்டும் கோப்பையும் வேறு சாதி. மூங்கில் பொடியை மெலமைன் பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்தது அது. சூடாக எதையாவது ஊற்றினால் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் கசியலாம் என்பதால் 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சந்தையிலிருந்து விலக்க நடவடிக்கை எடுத்தது. பயணத்துக்கு என்று விற்கிற குழந்தைத் தட்டு செட்டுகளில் இது அதிகம். வாங்கும்முன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கிற ஆலை உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மட்கும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

“கற்பனையைத் தூண்டும்”னு எல்லாப் பெட்டியிலயும் போட்டிருக்கான். எதைத்தான் நம்புறது?

பெட்டியை விடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விளையாடும்போது வேலை செய்வது யார், பொம்மையா பிள்ளையா? பொத்தானை அழுத்தியதும் பொம்மை ஆடிப் பாடினால் பிள்ளைக்குக் கைதட்டுவதைத் தவிர வேலை இல்லை. நாலு மரக்கட்டையைக் கொடுத்தால் எல்லா வேலையும் பிள்ளை தலையில்தான் விழும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றும் இல்லை. 1837-ல் ஜெர்மனியில் ஃப்ரோபல் என்ற கல்வியாளர் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கியபோது கொடுத்ததெல்லாம் கம்பளி நூல் பந்து, மரக் கோளம், உருளை, எட்டுத் துண்டாகப் பிரியும் கனசதுரம் போன்றவைதான். 1971-ல் சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் நடக்கும் என்றார். கயிறு, மூடி, குச்சி, துணி, கூழாங்கல். கடைக்காரருக்கு இதில் லாபம் இல்லை, அதனால் விளம்பரமும் இல்லை.

என் நோட்டும் அதையே சொல்கிறது. அதிகம் போய் வந்தது பெயின்ட் இல்லாத 48 கட்டைகள் உள்ள ஒரு துணிப்பை. ஒருமுறை அது 47 கட்டையோடு வந்தது. காணாமல்போன ஒன்று அந்த வீட்டுப் பையனின் தலையணைக்கு அடியில் கைக்குட்டை போர்த்திக்கொண்டு ‘காய்ச்சலாக’ப் படுத்திருப்பதாக அவன் அம்மா சொன்னார். குணமானதும் அனுப்புங்கள் என்று எழுதி வைத்தேன். அதே மாதம் விளக்கு எரிகிற பேசும் டெலிபோன் ஒன்று மூன்று வீடு போய் மூன்று வீட்டிலிருந்தும் மறுநாளே திரும்பியது.

பேசுற பொம்மை இருந்தா பிள்ளை சீக்கிரம் பேசும்ங்கிறாங்களே?

நேர்மாறாகத்தான் தெரிகிறது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2015 டிசம்பரில் வெளியானது. மின்னணுப் பொம்மை, சாதாரணப் பொம்மை, படப்புத்தகம் மூன்றையும் கொடுத்து, வீட்டில் நடந்த பேச்சைப் பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை ஓடும்போது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், குழந்தைகளும் குறைவாகவே குரல் கொடுத்தார்கள். படப்புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். வெறும் 26 ஜோடிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனால் காரணம் விளங்குகிறது: பொம்மை பேசும்போது நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

எத்தனை பொம்மை இருந்தா போதும்?

எண் சொல்ல மாட்டேன். ஒரு நேரத்தில் கண்ணில் படுவது குறைவாக இருக்கட்டும். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையான 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். 2018-ல் வெளியான முடிவு இது. மீதியை ஒரு பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பரணிலிருந்து இறங்கும் பழைய பொம்மைக்குப் புதுப் பொம்மையின் மவுசு கிடைக்கும், செலவே இல்லாமல்.

நாங்க குறைச்சாலும் சொந்தக்காரங்க வாங்கிக் குவிக்கிறாங்களே?

‘வாங்காதீங்க’ என்றால் மனசு நோகும். ‘இதை வாங்குங்க’ என்றால் நோகாது. ஏற்கெனவே இருக்கும் கட்டை செட்டுக்கே கூடுதல் கட்டை, நல்ல கிரேயான், வரைகிற தாள், ஒரு படப்புத்தகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு அத்தையும் ஒரு மாமாவும் சேர்ந்து ஒன்றாக வாங்கினால் இன்னும் நல்லது. அப்படியும் வந்தவை வரட்டும், பரண் இருக்கிறது.

அடுத்தவங்க பிள்ளை விளையாடின பழைய பொம்மையை வாங்கலாமா?

தாராளமாக. முதல் பதிலின்படி பார்த்தால் பழைய பொம்மையைவிடச் சூழலுக்கு உகந்தது வேறு இல்லை. இதற்கென்றே பொம்மை நூலகங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் 1935-லேயே ஒன்று தொடங்கிவிட்டார்கள்.

சில விலக்குகள் மட்டும் உண்டு. பல பத்தாண்டு பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் அன்றைய விதிகளின்படி செய்தவை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் சுமார் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட முடிவில், மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பொம்மைகளில் பலவற்றில் ஈயமும் காட்மியமும் கவலைப்படும் அளவில் இருந்தன. நெகிழும் பழைய பிவிசி பிளாஸ்டிக் பொம்மைகளில், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள் இருக்கலாம். ஐரோப்பாவில் 2005-லும் அமெரிக்காவில் 2008-லும்தான் அதற்குச் சட்டத்தில் நிரந்தரக் கட்டுப்பாடு வந்தது. ஆகவே உரிந்த பெயின்ட், பிசுபிசுக்கும் ரப்பர், வயது தெரியாத பளிச் நிறப் பிளாஸ்டிக் ஆகியவை வாயில் வைக்கும் குழந்தைக்கு வேண்டாம். மரக்கட்டை, துணி, புத்தகம், புதிர் அட்டை இவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. என் பிள்ளைக்கு ரெண்டுதான், ஆனா ரொம்பப் புத்திசாலி. கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த எண் புத்திக்கு இல்லை, தொண்டைக்கு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் பொம்மையோ அதன் துண்டோ முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்பதுதான் சோதனை. வீட்டில் டிஷ்யூ சுற்றிய அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது கொஞ்சம் அகலமானது, அதனால் அதில் நுழையாதது இன்னும் பாதுகாப்பு.

மூன்று பொருட்கள் எந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டிலும் எனக்கு ஆகாது. பொத்தான் பேட்டரி: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். குட்டிப் பலமான காந்த உருண்டைகள்: இரண்டை விழுங்கினால் குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலில் ஓட்டை போடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள்: வயிற்றுக்குள்ளும் ஊறிப் பெருக்கும். அண்ணன் அக்காவின் பொம்மையிலிருந்துதான் இவை தம்பி தங்கை வாய்க்குப் போகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிப் பொம்மை இருந்தே ஆக வேண்டும் என்றால் மூடி ஸ்க்ரூ போட்டு மூடினதா என்று பார்த்து வாங்குங்கள்.

உட்கார வச்சு ஓடவிடுற வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளால் கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடக்கப் பழகவும் அது உதவுவதில்லை. பிள்ளை தானே எழுந்து, பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிற மர நடைவண்டி வேறு விஷயம். நம் பாட்டிமார் ஏற்கெனவே தீர்த்துவைத்த கேள்வி இது.

மரப் பொம்மையை எப்படிக் கழுவுறது? துணிப் பொம்மை நாத்தம் அடிக்குது.

மரத்தைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போகத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு தேய்த்தால் மரம் புதுசாகும். ஆளி எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

துணிப் பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு மெஷினில் போடலாம். தூசிப்பூச்சி சாக 60 டிகிரி வெந்நீர் வேண்டும். அவ்வளவு சூடு தாங்காத பொம்மை என்றால் ஒருநாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுச் சாதாரணமாகத் துவையுங்கள். உறைந்தால் பூச்சி சாகும், ஆனால் ஒவ்வாமை தருகிற மிச்சம் துவைத்தால்தான் போகும். பிள்ளை தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மையைப் பகலிலேயே ஃப்ரீசரில் வைத்து, சாயங்காலத்துக்குள் ‘அது குளிர்ப் பிரதேசத்துக்குப் போயிருக்கு’ என்று ஒரு கதை தயார் செய்துகொள்ளுங்கள்.

உடைஞ்ச பிளாஸ்டிக் பொம்மையை மறுசுழற்சிக்குப் போடலாமா?

பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ஒரே பொம்மையில் மூன்று வகைப் பிளாஸ்டிக், இரும்பு ஸ்க்ரூ, ரப்பர், வயர் எல்லாம் கலந்திருக்கும்; பிரிக்கிற செலவுக்குக் கட்டாது. பேட்டரியைக் கழற்றித் தனியாக மின்கழிவில் சேர்ப்பது மட்டும் கட்டாயம். வாங்கும்போதே பசையால் ஒட்டியதைவிட ஸ்க்ரூவால் பூட்டியதை எடுப்பதற்குக் காரணம் இதுதான்: ஸ்க்ரூ போட்டது திறக்கும், திறந்தால் சரிசெய்யலாம்.

சரி, பயணத்துக்கு என்ன பொம்மை எடுத்துட்டுப் போகலாம்?

இதில் என் மகளிடம் நான் பாடம் கற்றேன். அவளுக்கு மூன்று வயது, நீண்ட ரயில் பயணம். பயணத்துக்கென்றே பாடும் நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருந்தேன். இருபது நிமிடத்தில் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் நாயை வெறுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பேட்டரியும் போய்விட்டது. வண்டி நடுவழியில் நின்றது. என் கைக்குட்டையை மடித்து முடிச்சுப் போட்டு ஓர் எலி செய்து கொடுத்தேன். அவள் என் பையைக் குடைந்து இரண்டு துணிக் கிளிப்பை எடுத்தாள். ஒன்று எலியின் அப்பா, இன்னொன்று முதலை. அப்பா எலி முதலையிடமிருந்து தப்பித்து ஜன்னல் கம்பியில் ஏறி என் தோளில் இறங்கி மறுபடி மாட்டிக்கொண்டது. எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

இப்போது என் பயணப் பையில் இருப்பவை: துணிக் கிளிப் ஆறு, பெரிய கைக்குட்டை இரண்டு, ஒரு கை நீளமுள்ள கயிறு (பெரிய பிள்ளைக்கு, என் கண் பார்வையில் மட்டும்), உருளாத முக்கோண கிரேயான், ஒரு பக்கம் வெற்றாக உள்ள தாள், ஓரங்கள் மழுங்கிய சின்னப் புதிர் ஒன்று. சத்தம் வராதது, கீழே விழுந்தால் உருண்டு ஓடாதது, தொலைந்தால் அழுகை வராதது. இந்த மூன்றும்தான் என் விதி. உயிரான பொம்மை ஒன்று இருந்தால் அது பெட்டியில் வேண்டாம், கையோடு வரட்டும். கிளம்பும்முன் அதை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் தேடுகிறவர்களுக்குக் காட்டலாம்.

பிள்ளைக்குன்னு தனிப் பை வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுங்கள், பெருமையாகச் சுமக்கும். எடை மட்டும் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றி இருக்கட்டும்: 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை இருந்தால் தோளிலிருந்து நழுவாது. ஜிப்பைக் கடையிலேயே பத்து தடவை இழுத்துப் பாருங்கள், பை சாவது எப்போதும் ஜிப்பில்தான். வெளியே தெரியும்படி பெயர் எழுதாமல் உள்ளே எழுதுங்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும்.

கார்ட்டூன் உருவம் போட்ட பையை ஐந்து வயதில் கேட்பார்கள், ஏழு வயதில் தொட மாட்டார்கள். வெற்று நிறத்தில் வாங்கி, கேட்கிற உருவத்தைத் துணி ஒட்டாகத் தைத்துக் கொடுங்கள். ஆசை மாறும்போது ஒட்டை மட்டும் பிரித்தால் போதும்.

தண்ணி பாட்டில் எது? பிபிஏ இல்லைன்னு போட்ட பிளாஸ்டிக் பரவாயில்லையா?

பிபிஏ என்பது சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும், உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய வேதிப்பொருள். அதை எடுத்துவிட்டு அதன் உறவினரான பிபிஎஸ்ஸைப் போட்டவர்கள் உண்டு, அதனால் அந்த வரியை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை. 18/8 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஒற்றைச் சுவர் பாட்டில் எடை குறைவு, பிள்ளைக்கு அதுதான் சரி. சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டில்கள் சிலவற்றின் அடியில் ஈயம் கலந்த பற்றவைப்புப் பொட்டு ஒன்று மூடிக்குள் மறைந்திருக்கும். அந்த அடி மூடி கழன்றுவிட்டால் பாட்டிலை ஓரம் கட்டிவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டு வாங்குங்கள், பாட்டிலின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பழசுதான் நல்லதுன்னீங்க. கார் சீட்டை மட்டும் பழசு வாங்காதேங்கிறீங்களே, ஏன்?

ஏனென்றால் அது பொம்மை இல்லை, உயிர் காக்கும் கருவி. ஒரு விபத்தில் பெரிய அடி வாங்கிய சீட்டில் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் இருக்கலாம். காருக்குள் ஏறி இறங்கும் வெயில் சூட்டில் பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் தளரும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஆயுள் குறித்திருக்கிறார்கள், பெரும்பாலும் 6 முதல் 10 வருடம். தேதி சீட்டின் அடியிலோ பின்னாலோ இருக்கும். அக்காவோ நண்பரோ, விபத்தில் சிக்காதது என்று நீங்கள் முழுதாக நம்பக்கூடிய ஒருவர் கொடுத்தால், தேதியும் சரியாக இருந்து, எல்லாப் பட்டையும் கையேடும் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம்.

குழந்தையை முடிந்தவரை பின்னோக்கியே உட்கார வையுங்கள். ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் வரை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். திடீர் பிரேக்கில் பின்னோக்கிய சீட் தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். தடித்த ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டையை மாட்டாதீர்கள், பஞ்சு அமுங்கினால் பட்டை தளர்ந்துவிடும். முதலில் பட்டை, அதற்கு மேல் போர்வை.

தள்ளுவண்டி வாங்கறதா, குழந்தையைக் கட்டிக்கிற பை வாங்கறதா?

படி, கூட்டம், கரடுமுரடான தரை அதிகம் என்றால் கட்டிக்கொள்ளும் பை. நடந்து நடந்து பிள்ளை தூங்கிவிடும் நாட்களுக்குத் தள்ளுவண்டி. பையில் பார்க்க வேண்டியது இரண்டு. முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே இருக்கும்படி தொடை முழுவதையும் தாங்க வேண்டும். கால் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் மூச்சு அடைபடும்.

இரண்டுமே சில வருடச் சாமான்கள்தான். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், இரவல் கேளுங்கள். கார் சீட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை தள்ளுவண்டிக்கு அவ்வளவு இல்லை. பிரேக், மடிக்கும் பூட்டு, பட்டை மூன்றும் சரியாக இருந்தால் பழசே போதும்.

நீங்க சொன்னபடி பார்த்துப் பார்த்து வாங்கினேன். பிள்ளை அது வந்த அட்டைப்பெட்டியோடதான் விளையாடுது!

உங்கள் பிள்ளைக்கு நல்ல ரசனை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்று சிறந்த பொம்மைகளுக்குப் புகழ்ப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதில் 2005-ல் அட்டைப்பெட்டி சேர்ந்தது, 2008-ல் மரக்குச்சி சேர்ந்தது.

ஸ்டேப்பிள் கம்பிகளைப் பிடுங்கிவிடுங்கள், ஒட்டு டேப்பைக் கிழித்துவிடுங்கள், உள்ளே வந்த பிளாஸ்டிக் உறையை அன்றே அகற்றிவிடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல் வெட்டிக் கொடுங்கள், எங்கே வெட்ட வேண்டும் என்று பிள்ளை சொல்லட்டும். வாங்கின பொம்மையை என் அலமாரிக்கு அனுப்புங்கள், யாராவது கேட்டு வருவார்கள். பெட்டி உங்களிடமே இருக்கட்டும்.